மாத்தாம மிச்சம் இருந்தது

— இன்னொரு தடவை போடுங்க. அதே பாட்டு, ஆரம்பத்துலேர்ந்து.

— போடறேன் சார். இந்தத் தடவை கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க. பாடறவங்க ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல நிக்கணும். இடது பக்கம் வயலின், வலது பக்கம் கிட்டார். ஸ்டீரியோன்னு சொல்றாங்களே, அங்கதான் சார் விஷயமே.

— நடுவுல யாரையும் காணோம். எல்லாரும் வலது பக்க மூலையில நெரிசலா நிக்கறாங்க. வயலின்காரர் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாரு. இந்த இடது ஸ்பீக்கர் அவுட்டுங்க.

— இன்னிக்குக் காலைலதான் சார் அட்டைப் பெட்டியையே பிரிச்சேன்.

— புதுசுன்னா கெடாதா? நான் பஸ் ஒர்க்‌ஷாப்புல ஹெட் மெக்கானிக். புது பேரிங்க கவர்லேர்ந்து எடுத்து கையில வச்சு ஒரு சுத்து சுத்தினாலே தெரிஞ்சுடும், இது தேறாதுன்னு. கம்பெனிக்காரன் சீல் குத்திட்டா எல்லாம் ஆச்சா? என் காது பொய் சொல்லாதுங்க.

— என்னங்க, எனக்கு வயலின் நல்லாத்தானே கேக்குது.

— உனக்கு வீட்ல கிடக்கற பழைய செட்டே நல்லாத்தான் கேக்குது. அதுல ஒரு பக்கம் போயி எத்தனை மாசம் ஆச்சு? நானும் கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி அலுத்துட்டேன். நீ என்ன சொன்ன? நல்லாத்தானே பாடுதுன்ன.

— நல்லாத்தானே பாடிச்சு.

— கடைக்காரரே, இவங்க ஸ்கூல் டீச்சர். பசங்க கத்தறதக் கேட்டுக் கேட்டு இவங்களுக்குக் காது மரத்துப் போச்சு. நீங்க என்கிட்ட பேசுங்க.

— பசங்க கூட நான் கூப்பிட்டா திரும்பிப் பாக்கும்.

— அது எதுக்கு இப்போ?

— எதுக்கும் இல்ல. சரி விடுங்க.

— சார், மேடம், ஒரு நிமிஷம். உங்க பட்ஜெட் என்னன்னு சொல்லிட்டா, அதுக்குள்ள வர்ற வேற ஜோடி காட்டறேன்.

— பட்ஜெட்டு இந்தக் கவருக்குள்ள இருக்கறதுதான். ஓவர்டைம் பாத்து சேத்த காசு. பிரிச்சுப் பாத்துக்குங்க. இதுக்கு மேல குலுக்கினாலும் என்கிட்டேர்ந்து ஒண்ணும் விழாது. தவணை, கார்டு எதுவும் கிடையாது.

— ம். இதுல தரையில நிக்கற பெரிய ஜோடி வராது சார். அலமாரில வைக்கற சின்ன ஜோடி வரும். வியாபாரத்துக்காக சொல்லல, லைட்டு மின்னற ஸ்பீக்கர மட்டும் தொடாதீங்க. ரிமோட்டு, கலர் பல்புன்னு பாதிக் காசு அதுக்கே போயிடும். சத்தத்துக்கு என்ன மிஞ்சும்? ஹால் எவ்வளவு பெருசு?

— இந்தச் சுவத்துலேர்ந்து உங்க கல்லா வரைக்கும் வச்சுக்குங்க.

— அப்ப சின்ன ஜோடியே தாராளம். அந்த ஹாலுக்குப் பெருசு வாங்கினீங்கன்னா ஜன்னல் கண்ணாடிதான் பாடும், பாட்டு பாடாது. வீட்ல யார் யார் கேப்பீங்க?

— நாங்க ரெண்டு பேருதான். பொண்ணு காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கா.

— அவரு மட்டும்தாங்க கேப்பாரு.

— ஏன், நீ கேக்க மாட்டியா?

— உங்களுக்குத்தானே வாங்கறீங்க. உங்களுக்குப் பிடிச்சா சரி.

— பாத்தீங்களா கடைக்காரரே? நாலஞ்சு நாளா இப்படித்தான், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்காங்க. செலவுன்னாலே இவங்களுக்கு வயித்தக் கலக்கும்.

— எந்த வீட்லதான் சார் கலக்கல? எங்க வீட்ல நான் ஸ்பீக்கர் விக்கறவன், எனக்கே பாட்டு போட அனுமதி கிடையாது. உள்ள வேற கம்பெனி ஜோடி ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வரேன். உக்காருங்க.

— சீக்கிரம் கொண்டு வாங்க. சாயந்திரத்துக்குள்ள நான் ஒர்க்‌ஷாப் திரும்பணும்.

— அவருதான் உக்காரச் சொல்லிட்டுப் போறாரே. ஏன் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்கறீங்க?

— உக்கார முடியல. அந்த பஸ்ஸு மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கு.

— எந்த பஸ்ஸு?

— டூர் போற பஸ்ஸு. சாயந்திரம் ஆளுங்கள ஏத்திக்கிட்டு மலைப் பாதைக்குப் போகணும். காலைல ஓட்டிப் பாத்தேன், பின்னாடிலேர்ந்து ஒரு ஊளைச் சத்தம். சக்கரத்து பேரிங் போயிருக்கு. வலது பக்கத்தக் கழட்டுங்கன்னு ஃபோர்மேன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.

— சொல்லியாச்சுல்ல? அப்புறம் என்ன?

— உனக்குப் புரியாது. பேரிங் போன சக்கரத்தோட மலையேறினா, எந்த வளைவுல கழண்டு ஓடும்னு யாரு கண்டா? ஒர்க்‌ஷாப்புல அத்தனை பேரு இருந்தாலும் சத்தத்துக்கு நான்தான். நான் ஓகேன்னாத்தான் வண்டி கேட்டத் தாண்டும். அவங்க கழட்டிப் பாத்து ஒரு போன் பண்ணிட்டா நிம்மதியா இருக்கும்.

— பண்ணுவாங்க. உக்காருங்க.

— உக்காந்தாச்சு. சொல்லு, ஹால்ல இத எங்க வைக்கலாம்? டிவிக்குப் பக்கத்துலயா, ஜன்னலுக்குக் கீழயா?

— நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

— உன்ன எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்? வீட்ல எது எங்க இருக்கணும்னு நீதானே சொல்லுவ.

— நான் எதுக்கு வந்தேன் தெரியுமா? வழியிலயாவது ஏதாவது பேசுவீங்கன்னு வந்தேன். பின்னாடி உக்காந்து அவ்வளவு தூரம் பேசிட்டு வந்தேன். ஒண்ணுக்குக் கூட பதில் இல்ல.

— பைக்ல காத்து அடிச்சுது. என்ன பேசின?

— அத இனிமே திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. நீங்க அந்த ஸ்பீக்கரயே பாருங்க. நான் இப்படி உங்க இடது பக்கம் வந்து உக்காந்துக்கறேன், ஃபேன் காத்தாவது வரும்.

— தாராளமா உக்காரு. டிவிக்குப் பக்கத்துல வச்சா பிளக்கு கைக்கு எட்டும்.

— உங்களுக்கு என் மேல என்ன கோவம்? இருந்தா வாயத் தொறந்து சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்.

— டிவிய கொஞ்சம் தள்ளி வச்சா ரெண்டு ஸ்பீக்கருக்கும் எடம் இருக்கும்.

— என்னங்க. உங்களத்தான்.

— ம்? என்ன, ஜன்னலுக்குக் கீழயா? அங்க வெயில் அடிக்குமே.

— ஒண்ணும் இல்ல. சரி விடுங்க.

— எப்பப் பாத்தாலும் சரி விடுங்க, சரி விடுங்க. எதையும் முழுசா சொல்ல மாட்டியா?

— முழுசாத்தாங்க சொன்னேன்.

— இதோ வந்துட்டேன் சார். இந்த ஜோடியத் தூக்கிப் பாருங்க. மரப் பெட்டி கனமா இருந்தா சத்தமும் கெட்டியா வரும். ஒரு மாசமா இது மேல கண்ணு வச்சிட்டுப் போறவங்க நிறைய பேரு. விலையும் உங்க கவருக்குள்ள அடங்கும்.

— கனமாத்தான் இருக்கு. மாட்டுங்க, கேப்போம்.

— கேளுங்க சார். எப்படி?

— அட போங்கய்யா, மறுபடியும் அதே கதை. இடது பக்கம் ஊமை. ரெண்டு ஜோடிலயும் சொல்லி வச்ச மாதிரி இடது பக்கமே போகுமா? டிஸ்ப்ளேல வச்சு வச்சு கெட்டுப்போனதெல்லாம் என் தலையில கட்டப் பாக்கறீங்களா?

— சார், அப்படிச் சொல்லாதீங்க. நான் இந்தக் கடைய நேத்து வைக்கல.

— இருங்க, போன் அடிக்குது. சொல்லுங்க ஃபோர்மேன்... கழட்டிட்டீங்களா?... என்னது, ஒண்ணும் இல்லையா?... பேரிங் நல்லாருக்கா? கிரீஸு?... கருகலையா?... இல்ல ஃபோர்மேன், வலதுதான். நானே ஓட்டிக் கேட்டேனே... சரி. அப்ப அது பேரிங் இல்ல, பாடியில எங்கயோ தகரம் உரசுது. சக்கரத்த மாட்டிடுங்க. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுக் கூப்பிடுங்க.

— என்னவாம்?

— பேரிங் புதுசு மாதிரி பளபளன்னு இருக்காம். போன மாசமும் இதேதான். ஒரு வண்டிக்கு வலதுன்னு சொல்லிக் கழட்ட வச்சேன், உள்ள ஒரு கோளாறும் இல்ல. அத்தனை பேரு முன்னாடி மூக்கொடைஞ்சதுதான் மிச்சம்.

— இன்னொரு பக்கத்தையும் ஒருவாட்டி பாக்கச் சொல்லலாம்ல?

— இந்தா பாரு, நீ பாடம் நடத்தும்போது நான் வந்து உன் கையில இருக்கற சாக்பீஸ பிடுங்கறேனா? வலதுன்னா வலது. என் பொழப்பே இந்தக் காதுல ஓடுது. ஃபோர்மேனே நான் சொன்னா மறுபேச்சு பேச மாட்டாரு.

— மலைக்குப் போற வண்டின்னு நீங்கதான் சொன்னீங்க. அதான் கேட்டேன்.

— கேட்டது போதும். கடைக்காரரே, இத இப்படியே விட முடியாது. எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. எதெது மேல சந்தேகமோ, அதையெல்லாம் ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டே வரணும். கடைசில எது மாத்தாம மிச்சம் நிக்குதோ, அதுதான் கோளாறு. எத்தனை வண்டி இப்படிப் பிடிச்சிருக்கேன். முதல்ல ஸ்பீக்கர். இடதுல இருக்கறதத் தூக்கி வலதுல வைங்க, வலதுல இருக்கறத இடதுல வைங்க.

— வச்சாச்சு சார்.

— கெட்டது ஸ்பீக்கர்தான்னா, அந்த ஊமையும் அதுகூடவே வலது பக்கம் போயிருக்கணும். போடுங்க.

— போட்டாச்சு.

— போகல. இன்னும் இடதுதான் ஊமை. அப்ப ஸ்பீக்கர் மேல தப்பு இல்ல. ஒத்துக்கறேன்.

— ரொம்ப சந்தோஷம் சார்.

— அவசரப்படாதீங்க. ஆம்ப்ளிஃபயர மாத்துங்க.

— இது நான் வீட்ல வச்சிருக்கற கம்பெனி சார். இதுல கோளாறு வந்து நான் பாத்ததே இல்ல. மாட்டிட்டேன். கேளுங்க.

— இடதுதான். வயர மாத்துங்க.

— மாத்தியாச்சு.

— இடதுதான். பாட்ட மாத்துங்க. ஒருவேளை பாட்டே அப்படிப் பதிவு பண்ணிருப்பான்.

— வேற பாட்டு சார். இதுலயும் இடது வயலின், வலது கிட்டார்தான். கடையில நாங்க காட்டறதுக்குன்னே வச்சிருக்கறது.

— இடதுதான். என்னய்யா இது? எல்லாத்தையும் மாத்தியாச்சே. இனி என்ன மிச்சம், இந்தச் சுவரா?

— நீங்க மிச்சம்.

— என்ன சொன்ன?

— ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், வயர், பாட்டு எல்லாம் மாத்தியாச்சு. நீங்க மட்டும்தான் அதே நாற்காலில அதே பக்கமா உக்காந்திருக்கீங்க. உங்க முறைப்படி பாத்தா இப்ப நீங்க திரும்பி உக்காரணும். ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டிக்கிட்டு.

— விளையாட்டா இருக்கா உனக்கு? நானே அந்த வண்டி என்னாச்சோன்னு பதறிக்கிட்டு இருக்கேன்.

— எனக்கும் பதறுதுங்க. ஒரே ஒரு தடவை. எனக்காகத் திரும்புங்க.

— சுத்தற நாற்காலிதான் சார். காலால ஒரு உந்து உந்துங்க, போதும்.

— சரி, திரும்பியாச்சு. போடுங்க. ம். இப்ப வயலின் ஜம்முனு கேக்குது. கிட்டார ஏன் குறைச்சீங்க?

— நான் எதையும் தொடல சார்.

— குறைச்சிருக்கீங்க. கிட்டாரக் காணோமே.

— கைய ரெண்டையும் கட்டிக்கிட்டு நிக்கறேன் சார். மேடமே பாக்கறாங்க.

— அவரு தொடலங்க.

— இரு. மறுபடியும் திரும்பறேன். இப்ப கிட்டார் வந்துடுச்சு, வயலின் போயிடுச்சு. மறுபடியும் அந்தப் பக்கம். வயலின். இந்தப் பக்கம். கிட்டார்.

— போதும், சுத்தாதீங்க. அசையாம இருங்க. உங்க வலது காத என் கையால மூடறேன். பயப்படாதீங்க.

— மூடு. எனக்கென்ன பயம்?

— அழுத்தமா மூடிட்டேன்.

— பாட்ட ஏன் நிறுத்தினீங்க?

— கைய எடுத்துட்டேங்க. இப்ப கேக்குதா?

— கேக்குது. நடுவுல ஏன் நிறுத்தினாருன்னு கேட்டேன்.

— நிறுத்தல சார். பாட்டு ஓடிக்கிட்டேதான் இருந்துது.

— நிறுத்தலையா?

— நிறுத்தல சார். நான் வெளிய போயி டீ சொல்லிட்டு வரேன். நீங்க ரெண்டு பேரும் பேசிட்டிருங்க. கடையில இப்ப யாரும் வர மாட்டாங்க.

— சளியா இருக்கும். போன வாரம் தலைக்குத் தண்ணி ஊத்தினேன்ல, உள்ள போயி அடைச்சிருக்கும். எண்ணெய் விட்டா சரியாயிடும்.

— பழைய செட்டு கெட்டுப் போச்சுன்னு நீங்க சொல்ல ஆரம்பிச்சது போன வாரமா?

— அது செட்டு.

— செட்டு நல்லாத்தான் இருந்துதுங்க. நான்தான் சொன்னேனே.

— காலிங் பெல் அடிச்சா எனக்குக் கேக்குது. பொண்ணு போன்ல பேசினா கேக்குது. காது போனவனுக்கு இதெல்லாம் எப்படிக் கேக்கும்?

— போன எந்தக் காதுல வச்சுக் கேக்கறீங்க?

— வலது. எல்லாரும் அப்படித்தானே வைப்பாங்க.

— நான் இடதுல வைப்பேன்.

— நட்டு கழட்டற ஏர் கன்ன இடது தோளுக்குப் பக்கத்துல வச்சுத்தான் பிடிப்பேன். எத்தனை வருஷமா. அது போடற சத்தத்துல பக்கத்துல நிக்கறவன் காதப் பொத்திக்குவான், நான் சிரிப்பேன். மெக்கானிக்கு சத்தம் பழகணும்டான்னு சொல்லுவேன்.

— உங்களுக்கு இது தெரியவே தெரியாதா?

— தெரியும்னு சொல்ல முடியாது. தெரியாதுன்னும் சொல்ல முடியாது. கொஞ்ச நாளா எங்கயும் நிம்மதியா உக்கார முடியல. சத்தம் வருது, எங்கேர்ந்து வருதுன்னு பிடிபட மாட்டேங்குது. யாராவது கூப்பிட்டா நான் வேற பக்கம் திரும்பறேன். கவனம் போதல, வயசாகுது, தூக்கம் சரியில்லன்னு நானே எனக்கு சொல்லிக்கிட்டேன். ஒரு காது மட்டும் போகும்னு யாரு நெனைப்பா?

— டாக்டர்கிட்ட போகலாம். நாளைக்கே போகலாம்.

— இரு. அந்த பஸ்ஸு.

— நானும் அதத்தான் நெனச்சேன்.

— ஊளைச் சத்தம் கேட்டுது. அதுல சந்தேகம் இல்ல, பேரிங்குதான். எனக்கு வலது பக்கம் கேட்டுது. எனக்கு எதுதான் வலது பக்கம் கேக்கல? அந்த வயலின்காரன் இடது பக்கம் நின்னு வாசிச்சான், அவனையே நான் பக்கத்து வீட்டுக்குத் துரத்திட்டேனே.

— போன் பண்ணுங்க.

— பண்ணி என்னன்னு சொல்ல? நான் சொன்னது தப்பு, இன்னொரு பக்கம் கழட்டுங்கன்னா, எப்படிடா தெரிஞ்சுதுன்னு கேப்பாரு. காது போச்சுன்னு தெரிஞ்சா என்னைய என்ன பண்ணுவாங்க தெரியுமா? ஸ்டோர் ரூம்ல ஒரு ஸ்டூலப் போட்டு, நட்டு வேற போல்ட்டு வேறன்னு பிரிச்சு வைக்கச் சொல்லுவாங்க. அதுவும் முதலாளிக்கு இரக்கம் இருந்தா.

— பிரிச்சு வைங்க. அதுல என்ன கேவலம்?

— உனக்கு சுலபமா இருக்கு. ஒர்க்‌ஷாப்புல நான் நடந்து வந்தா இன்ஜின ஆஃப் பண்ணிட்டு நிப்பாங்க, காது வராருன்னு. எனக்குப் பேரே அதுதான். அந்தப் பேரு போயிடுச்சுன்னா நான் யாரு?

— போன் அடிக்குதுங்க.

— ஃபோர்மேன்தான்.

— எடுங்க. அந்த வண்டில ஏறறவங்களுக்கும் வீடு இருக்கு.

— கையப் பாரு, தானாவே வலது பக்கம் போகுது. சொல்லுங்க ஃபோர்மேன்... மாட்டியாச்சா... ரவுண்டு போனீங்களா?... சத்தம் இன்னும் இருக்கா... ஆளுங்க வந்துட்டாங்களா? பெட்டியெல்லாம் ஏத்தியாச்சா... ஓகேயான்னா கேக்கறீங்க? ஓகே இல்ல. வண்டிய எடுக்காதீங்க... இருங்க, கத்தாதீங்க, நான் சொல்றதக் கேளுங்க. இடது பின் சக்கரத்துக்குப் போங்க... ஆமா, இடது. வலது இல்ல. சக்கரத்து நடுவுல, ஹப்புல கைய வச்சுப் பாருங்க... நீங்களே போங்க. நான் லைன்ல இருக்கேன்.

— என்ன சொல்றாரு?

— திட்டிக்கிட்டே போறாரு. ம், சொல்லுங்க... கைய வைக்க முடியலையா?... அவ்வளவு சூடா... அப்ப பேரிங் அங்கதான் போயிருக்கு, ஆளுங்கள இறக்கிடுங்க. வேற வண்டி குடுங்க, முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்... எப்படிக் கண்டுபிடிச்சேன்னா? நான் கண்டுபிடிக்கல ஃபோர்மேன். எனக்கு இடது காது கேக்கல. சத்தம் எங்கேர்ந்து வந்தாலும் நான் வலதுன்னுதான் சொல்லுவேன்... தமாஷ் பண்ணல... இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு ஸ்பீக்கர் கடையில... போன மாசம் ஒரு வண்டி அனுப்பினோமே, அந்த டிரைவருக்கு இப்பவே போன் போட்டு ஓரமா நிறுத்தச் சொல்லுங்க. அதுலயும் இடது பக்கம் பாக்கணும்... ஆமா... வரேன். நேர்ல வந்து எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன். வைங்க.

— தண்ணி குடிங்க.

— வேண்டாம். முதலாளிகிட்ட என்ன சொல்றதுன்னு யோசிக்கணும்.

— அப்புறம் யோசிக்கலாம், முதல்ல குடிங்க.

— சார், டீ. மேடம், இந்தாங்க. சக்கரை கொஞ்சம் கூடவே போடச் சொன்னேன்.

— கடைக்காரரே, மன்னிச்சுக்குங்க. உங்க பொருள் மேல பழியப் போட்டேன். வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்.

— விடுங்க சார். ஸ்பீக்கர் வாங்க வர்றவங்க என்ன சொன்னாலும் நான் மனசுல வச்சுக்கறது இல்ல. வச்சுக்கிட்டா கடைய நடத்த முடியாது.

— கவர எடுத்துக்கறேன். எனக்கு எதுக்கு இனிமே ஜோடி? ஒண்ணு வாங்கினாலும் ரெண்டு வாங்கினாலும் எனக்கு ஒண்ணுதான்.

— அதத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். ரெண்டு பக்கத்துப் பாட்டையும் ஒண்ணாக் கலந்து ஒரே ஸ்பீக்கர்ல வர்ற மாதிரி உங்க வீட்டு செட்டுலயே வழி இருக்கும். மோனோன்னு சொல்லுவாங்க. வயலினும் கிட்டாரும் ஒரே இடத்துலேர்ந்து வரும், உங்களுக்கு எதுவும் விட்டுப்போகாது. ஜோடியப் பிரிச்சு விக்கறது வழக்கமில்ல. உங்களுக்காகப் பிரிக்கறேன். பாதிக் காசு கொடுத்தா போதும்.

— மிச்சப் பாதி?

— காது டாக்டருக்கு வச்சுக்குங்க சார்.

— நல்ல வியாபாரிய்யா நீங்க. கட்டுங்க. வலது பக்கத்துல இருக்கறதயே கட்டுங்க, பழகின மூஞ்சி.

— உள்ள போயி அட்டைப் பெட்டில போட்டு எடுத்துட்டு வரேன். டீய ஆற விடாதீங்க.

— டீயக் கையிலயே வச்சிருக்கியே, குடிக்கலையா? திட்டவாவது திட்டேன். கண்ணு ஏன் கலங்கியிருக்கு? வேலை போயிடும்னு பயமா? போனா போகட்டும், வேற ஏதாவது பாத்துக்கலாம். நீயே சொன்னியே, நட்டு பிரிச்சா என்ன கேவலம்னு.

— வேலைக்காக இல்லங்க.

— பின்ன? ஒர்க்‌ஷாப்புல இனி எல்லாரும் கேள்வி கேப்பாங்க. ஃபோர்மேன் கேட்டுட்டாரு, முதலாளி கேப்பாரு, பொண்ணு கேப்பா. நீ மட்டும் ஒண்ணும் கேக்கலியே.

— நான் ஒண்ணு கேக்கறேன். நம்ம கட்டில்ல நான் எந்தப் பக்கம் படுப்பேன்?

— சுவத்துப் பக்கம். எனக்கு இடது பக்கம். இத்தனை வருஷமா அங்கதானே படுக்கற.

— நீங்க எப்படிப் படுப்பீங்க?

— வலது பக்கமா ஒருக்களிச்சு. அப்படிப் படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். உனக்குத் தெரியாதா?

— அப்ப உங்க வலது காது தலகாணிக்குள்ள இருக்கும்.

— ஆமா, இருக்கும். எதுக்கு இதெல்லாம் கேக்கற?

— போன வாரம் நீங்க அப்படிப் படுத்திருந்தப்ப, உங்க முதுகப் பாத்துக்கிட்டு சொன்னேன், என்கூட இருக்க உங்களுக்கு இஷ்டமில்லன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடறேன், இருடின்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடறேன்னு. நீங்க அசையவே இல்ல. ரொம்ப நேரம் காத்திருந்தேங்க, அப்புறம் எழுந்து துணியெல்லாம் கட்டி வச்சுட்டேன், நாளைக்குக் காலைல அண்ணன் கூட்டிட்டுப் போக வராரு.